பதினேழு-ஆ

காலை ஐந்தரைக்கு எழுவேன். பல் தேய்ப்பேன். கழுவிக் கவிழ்த்து வைத்த இரண்டு காலிப் பால் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு டெல்லி கோல் மார்க்கெட் பால் டிப்போவுக்கு நடப்பேன். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். டிப்போ ஏழு மணிக்கு மூடும். கார்டைக் காட்டினால் இரண்டு பாட்டில். ஒன்று எனக்கு. ஒன்று வேலம்மாளுக்கு. வேலம்மாள் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் நாலு வீட்டில் பெருக்கிப் பாத்திரம் தேய்க்கிறாள். சேலம் பக்கம். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மாடிப்படியடியில் நிற்பாள். பாட்டிலைக் கொடுப்பேன். "வரேன் சார்" என்பாள். மேலே போய்ப் பாலைக் காய்ச்சுவேன். ஒரு டம்ளர் காப்பி. குளியல். சைக்கிளைத் துடைப்பேன். ஒன்பதுக்குக் கிளம்புவேன்.

என் மனைவி சாந்தகுமாரி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் அவள் இன்னும் இறக்கவில்லை.

மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தேன். குடும்ப விவரத்தை மாற்றுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதன் அடியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஊழியருடையது, மற்றது துணைவருடையது. துணைவர் இறந்துபோனதைத்தான் தெரிவிக்கிறேன் என்றேன்.

"அது சரி. அவங்க சம்மதம் வேண்டாமா?" என்றார் நிர்வாகப் பிரிவு வைத்தி. பிறகு படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இப்பத்தான் கவர்ன்மென்ட் மாறியிருக்கு. ஃபாரமும் மாறும். பொறுங்க."

பொறுத்தேன்.

நான் வேலை பார்த்தது பட்டங்கள் பிரிவில். நம் அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்துவிட்டது. ஒழித்துவிட்டதால் அவற்றைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் பிரிவு ஏற்பட்டது. நாலு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஒரு துணைச் செயலாளர். அவர் பெயர் கஸ்தூரிரங்கன். ஸ்ரீரங்கத்துக்காரர். சேர்ந்த முதல் நாளே எனக்கு விளக்கினார்.

"நாம குடியரசு, நல்லசிவம். நம்மாத்துல ராஜா கிடையாது. அதனாலதான் மத்தவா ராஜாவுக்கு மரியாதை குறையப்படாது. ராஜா இருக்கிறவாளுக்கு ரெண்டு தப்புப் பண்ணலாம், பழகிடும். நமக்கு அந்தச் சலுகை இல்லை."

1977, இங்கிலாந்து அரசியாருக்கு வெள்ளிவிழா ஆண்டு. அதையொட்டி நவம்பரில் ஹார்ட்டில்மியர் டச்சஸ் டெல்லிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. டச்சஸ் அரசியாருக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். அந்த வழியைக் காட்டும் வம்ச வரைபடம் எங்கள் சுவரில் நாலடி நீளத்துக்குத் தொங்கியது. மூன்று வாரம் கழித்துத்தான் அது தலைகீழாகத் தொங்குவது தெரிந்தது. நிமிர்த்தி மாட்டினோம். சொந்தத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

டச்சஸின் முழுப் பட்டம் ஃபுல்ஸ்கேப் தாளில் ஏழு வரி வந்தது. அதில் அவருடைய பெயர் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு நாள் தேடினேன். வரவில்லை.

நிகழ்ச்சி ஒரு தேநீர் விருந்து. அரசு ஊழியர்களில் படிநிலைக்கு ஒரு தம்பதியாக இருபத்து நான்கு தம்பதிகள் புல்வெளியில் வரிசையாக நிற்பார்கள். டச்சஸ் ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியம் பேசுவார். பதினேழாம் படிநிலையான மேல்நிலை எழுத்தருக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னிடம் குளோஸ் கோட் இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்தது.

தம்பதிகள் பட்டியலை நிர்வாகப் பிரிவு பதிவேடுகளைப் பார்த்துத் தயாரித்தது. பட்டியல் லண்டனுக்குப் போய், அரக்கு முத்திரையோடு திரும்பி வந்தது. அப்புறம் அழைப்பிதழ்கள் வந்தன. தங்க விளிம்பு. வீட்டுக்கு எடுத்துவந்து மேஜையில் வைத்திருந்தேன். வேலம்மாள் பெருக்க வந்தவள் பார்த்தாள்.

"என்ன சார், கல்யாணப் பத்திரிகையா?"

சொன்னேன்.

"படிங்க சார்."

"திரு எஸ். நல்லசிவம், திருமதி எஸ். நல்லசிவம்."

"அக்கா பேரு எங்க?"

"ரெண்டாவதா இருக்கிறது அவதான்."

"அது உங்க பேராச்சே சார்."

அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. "இம்மாந் தங்கத்தப் போட்டானுவ, ஒரு பேரப் போட எடமில்லியா?" என்று வைத்துவிட்டுப் பெருக்கினாள்.

மறுநாள் கஸ்தூரிரங்கனிடம் போனேன்.

"ஸார், என் மனைவி இறந்துட்டா."

"அடடா. எப்போ?"

"மார்ச்சுல."

"மார்ச்சா? ஏன்யா, லண்டன் போய்ட்டு வந்த லிஸ்டு! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"படிவத்துல அவ கையெழுத்து வேணும்னு நிக்குது, ஸார்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி இறந்ததற்காக அலுவலகத்தில் ஒருவர் நெற்றியைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

லண்டனுக்கு டெலக்ஸ் போயிற்று. நாலு நாளில் பதில் வந்தது. ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து ஒருவரை நீக்க மூன்று காரணங்கள் உண்டு என்றது. ராஜத்துரோகம், விவாகரத்து, ரோமன் கத்தோலிக்கரை மணத்தல். இவற்றில் எது என்று தெரிவிக்கவும்.

கஸ்தூரிரங்கன் தாளை இரண்டு தடவை படித்தார்.

"மூணுல ஏதாவது ஒண்ணுக்குள்ள கொண்டு வர முடியுமா, நல்லசிவம்?"

"முடியாது, ஸார்."

"இந்த ரோமன் கத்தோலிக்..."

"என்னைத்தான் கட்டியிருந்தா, ஸார்."

"அதுவும் சரிதான்."

சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது. எங்கள் ஸ்டெனோ ராஜமும் அங்கே நின்றிருந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கையில் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கார்டைப் பார்த்தேன்," என்றார் கஸ்தூரிரங்கன். "திருமதி நல்லசிவம்னுதான் போட்டிருக்கு. பேரே இல்லை. அந்த ஊர் சம்பிரதாயம் அப்படி. ஆம்படையாளுக்குத் தனியாப் பேர் கிடையாது. எவ்வளவு சௌகரியம் பாரும். யார் வந்து நின்னாலும் திருமதி நல்லசிவம்தான். அரை மணி நேரம் ராஜம் நிப்பா. நீர் 'இவர் என் மனைவி'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டா போறும்."

ராஜம் என்னைப் பார்த்தாள். "எனக்கு பிப்ரவரியில கல்யாணம், ஸார். இவர் நவம்பர்லயே ஒண்ணு பண்ணி வைக்கறார்."

"நாடகம்மா அது. தேசத்துக்காக."

"மாமியார் ஃபோட்டோவப் பேப்பர்ல பாத்தா தேசம் வந்து பேசுமா?"

தாள் என் முன்னால் இருந்தது. பேனாவும் இருந்தது. எட்டு மாதமாக யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில், நிகம்போத் சுடுகாட்டில், பால் டிப்போவில். எதையும் படித்ததில்லை. இதைப் படித்தேன்.

"மாட்டேன், ஸார்."

"என்னது?"

"அவ இடத்துல வேற யாரும் நிக்கக் கூடாது."

"இடம்னா என்னய்யா இடம்? புல்லு மேல சுண்ணாம்புல ஒரு கட்டம்!"

"அந்தக் கட்டத்துல."

அவர் குரலைத் தணித்தார். "நாகாலாந்துல நம்ம ஆபீஸ் ஒண்ணு இருக்கு, தெரியுமோ? ஆறு மாசமா ஆள் தேடிண்டிருக்கா. லண்டன்லேர்ந்து பெரியவர் வர்ற வரைக்கும் யோசியும்."

ராஜம் வெளியே வந்ததும் சொன்னாள். "தேங்க்ஸ் ஸார்." கொஞ்சம் நடந்து திரும்பி, "ஸாரி ஸார்" என்றாள். எட்டு மாதத்தில் அலுவலகத்தில் ஒருவர் அப்படிச் சொன்னது முதல் தடவை.

லண்டனிலிருந்து வந்த பெரியவர் பெயர் சர் பெரிக்ரின். அரச இடது கையுறையின் பரம்பரைக் காப்பாளர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மூதாதை ஒருவர் ஒரு ராஜா கீழே போட்ட இடது கையுறையைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. வலது கையுறை வேறொரு குடும்பத்தின் உரிமை. அந்தக் குடும்பத்துத் தலைவருக்குக் கால்வீக்கம், பயணம் கூடாது. எனவே டெல்லியில் டச்சஸுக்கு வலது கையுறை கிடையாது. உறையில்லாத கையை நீட்டும் வழக்கமும் கிடையாது. எனவே கைகுலுக்கல் கிடையாது.

"உறையை நாமளே ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமே? கனாட் பிளேஸ்ல கிடைக்கும்," என்றார் கஸ்தூரிரங்கன்.

சர் பெரிக்ரின் மறுத்தார். "கையுறை கிடைக்கும். காப்பாளர் கிடைக்க மாட்டார்" என்றார்.

என் விவகாரம் அவர் முன் வைக்கப்பட்டது. ராஜம் நிற்பது பற்றிய யோசனையையும் கஸ்தூரிரங்கன் மெதுவாகச் சொன்னார். சர் பெரிக்ரின் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒப்புதல் பெற்றவர் வராவிட்டால் அது தாமதம். மன்னிக்கலாம். ஒப்புதல் பெறாதவர் அந்த இடத்தில் நின்றால் அது ஆள்மாறாட்டம். எங்கள் நாட்டில் அதற்காக ஒரு போரே நடந்திருக்கிறது."

"ஆனா அந்த அம்மா இறந்துட்டாளே, ஸார் பெரிக்ரின்."

"அதனால்?" அவர் உண்மையாகவே கேட்டார். "எங்கள் பட்டியல்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இறந்தவர்கள். அவர்களை நீக்க ஆரம்பித்தால் எங்களிடம் மிஞ்சுவது உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான். அவர்களை வைத்துக்கொண்டு எந்த நாடும் மரியாதையைச் சம்பாதிக்க முடியாது. திருமதி நல்லசிவத்தின் இடம் அப்படியே இருக்கும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன். பிரபு இறந்தால் அவர் மனைவி என்ன ஆவார்?

"மூத்த சீமாட்டி. தனி மாளிகை, தனி இருக்கை, தேவாலயத்தில் இரண்டாம் வரிசை."

"மனைவி இறந்தால் கணவர்?"

தோல் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தார். பொருளடக்கத்தைப் பார்த்தார். பின்னிணைப்பைப் பார்த்தார்.

"அவருக்கு ஒன்றும் ஆவதில்லை" என்றார்.

குறித்துக்கொண்டேன்.

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. புல்வெளியில் சுண்ணாம்புக் கட்டங்கள் போட்டார்கள். கணவர் 'அ', மனைவி 'ஆ'. நான் பதினேழு-அ. என் வலப்பக்கம் பதினேழு-ஆ. ஆண்கள் கழுத்தை மட்டும் வளைக்க வேண்டும். பெண்கள் ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். படிநிலை இறங்க இறங்க ஆழம் கூட வேண்டும். செயலாளர் மனைவி இரண்டு அங்குலம் தாழ்ந்தால் போதும். கடைநிலை ஊழியரின் மனைவி குஞ்சம்மாள் பதினெட்டு அங்குலம். அவள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. "கட்டடத்துல கல்லு தூக்கினவ சார்" என்றாள்.

கஸ்தூரிரங்கன் மனைவிக்கு முட்டி வலி. "நான் தரையில விழுந்து ஒரேயடியா நமஸ்காரம் பண்ணிடறேனே, ஏன்னா?"

"பண்ணலாம். அப்பறம் டச்சஸா வந்து தூக்கி விடுவா?"

பதினேழு-ஆவுக்கும் ஒத்திகை உண்டு. ஒவ்வொருவருக்கும் நாலு விநாடி. கஸ்தூரிரங்கன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலிக் கட்டத்தின் முன்னால் நிற்பார்.

"ம்... உங்க ஆத்துக்காரி மடக்கறா. தாழறா. பன்னெண்டு அங்குலம். எழுந்துக்கறா. ஆச்சு." எழுதிக்கொள்வார். மூன்றாம் நாள் அவருக்கே பழகிவிட்டது. "இன்னிக்குக் கொஞ்சம் நன்னாப் பண்ணினா" என்றார்.

தோட்டக்காரன் எல்லாக் கட்டங்களையும் மிதித்துக்கொண்டு தண்ணீர் விடுவான். பதினேழு-ஆவை மட்டும் சுற்றிப் போவான். யாரும் சொல்லவில்லை.

விருந்து நாள். காலையில் பால் வாங்கினேன். காப்பி குடித்தேன். கோட்டைப் போட்டேன். படியடியில் வேலம்மாள் நின்றிருந்தாள்.

"அக்கா இருந்தா அந்தப் பச்சப் பட்டக் கட்டியிருப்பாங்க" என்றாள். "வரேன் சார்."

நுழைவாசலில் காவலர் அழைப்பிதழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"மேடம்?"

இறந்துவிட்டாள் என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அச்சா. அவங்க பாஸ் இருக்கா?"

"இருக்கு."

"ஃபோட்டோ ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு."

"அப்ப சரி. ரெண்டு பேரும் போகலாம். ஜல்தி."

நாலு மணிக்கு டச்சஸ் வந்தார். வயதானவர். நீலத் தொப்பி. இடது கையில் உறை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு அடி பின்னால் சர் பெரிக்ரின். அவரை முந்தின நாள் நான் கேட்டிருந்தேன், காலி இடத்தைப் பார்த்து டச்சஸ் என்ன செய்வார் என்று.

"டச்சஸ் இருபத்திரண்டு வருஷத்தில் எண்பதாயிரம் பேரைச் சந்தித்திருக்கிறார்" என்றார். "ஒருவரையும் பார்த்ததில்லை. பார்ப்பது மரபல்ல. பார்க்க ஆரம்பித்தால் சிலரைப் பிடித்துவிடும், சிலரைப் பிடிக்காது. முடியாட்சி அதைத் தாங்காது."

கணவர்களுக்கு ஒரு கேள்வி. மனைவியருக்கு ஒரு கேள்வி. இருபத்து நாலு தடவையும் அதேதான். வரிசையில் அது நெருங்கி வருவது எனக்குக் கேட்டது.

என் முன்னால் நின்றார்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"பட்டங்களை எழுதுகிறேன், மேடம்."

"மிகச் சுவாரசியம்."

ஒரு அடி நகர்ந்தார். பதினேழு-ஆவுக்கு நேராகத் திரும்பினார். சாந்தகுமாரி என் தோள் உயரம் இருப்பாள். அவருடைய கண்கள் சரியாக அந்த உயரத்துக்கு இறங்கி நின்றன.

"வெகு தூரத்திலிருந்து வருகிறீர்களா?"

நாலு விநாடி நின்றார். ஒத்திகையில் அது சிறிதாகத் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சி. மூன்று நாள் ரயில். விருத்தாசலத்தில் செருப்பு ஒன்று ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மற்றதையும் எறிந்தாள். புது டெல்லி ஸ்டேஷனில் வெறுங்காலோடு இறங்கினாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி என்னைக் கேட்டதல்ல. நான் வாயைத் திறக்கவில்லை.

டச்சஸ் தலையை அசைத்தார். "அருமை" என்றார். பதினெட்டு-அவுக்குப் போனார்.

வரிசையின் கோடியில் கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டது தெரிந்தது.

மறுநாள் பதக்கம். வரிசையில் நின்ற எல்லோருக்கும் வெள்ளிவிழா வருகைப் பதக்கம், நாலாம் வகுப்பு. பட்டங்களை ஒழித்த நாட்டில் இதை வாங்கலாமா என்று ஒரு கோப்புப் போட்டார்கள். 'பதக்கம் பட்டமல்ல. பட்டமேயானாலும் நாலாம் வகுப்பில் கெடுதல் இல்லை' என்று கஸ்தூரிரங்கன் எழுதினார்.

பதக்கம் வாங்குவதற்கு முன் சந்திப்புப் பதிவேட்டை நிரப்ப வேண்டும். கனமான புத்தகம். ஐந்து பத்திகள். எண், பெயர், ஊர், டச்சஸ் கேட்டது, வந்தவர் சொன்ன பதில். எதையும் காலியாக விடக் கூடாது. எனக்கு முந்தின ஆண்கள் எல்லோரும், என்ன வேலை என்ற கேள்விக்கு, 'ஆம், மேடம்' என்று எழுதியிருந்தார்கள். கஸ்தூரிரங்கன் மனைவியின் பத்தியில் 'அம்மாடி' என்று இருந்தது. முழங்காலை மடக்கும்போது சொன்னது. சர் பெரிக்ரின் அதன் அர்த்தம் கேட்டார். தாயை வாழ்த்துவது என்று சொல்லியிருந்தார்கள்.

பதினேழு-ஆ வந்தது. கஸ்தூரிரங்கன் ஒரு தாளை எடுத்தார். ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"பதினாலு வரி. 'பாரதப் பெண்குலத்தின் சார்பில்'னு ஆரம்பிக்கறது. உங்க ஆத்துக்காரி இதைவிட நன்னா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. அப்படியே காப்பி பண்ணும். நாகாலாந்தை மறந்துடலாம்."

சர் பெரிக்ரின் குறுக்கிட்டார். உண்மையில் சொல்லாத எதையும் பதிவேட்டில் எழுதக் கூடாது. சந்திப்பில் பேசாதவர்களுக்கு விதி இருக்கிறது. அதற்கு முன் அவர்கள் கடைசியாக உண்மையில் சொன்னதை எழுதலாம். பேசும் வழக்கமில்லாத பிரபுக்களுக்காக ஏற்பட்டது. ஒரு பிரபுவின் பத்தியில், அவர் தன் குதிரையிடம் சொன்னது இருக்கிறது.

"திருமதி நல்லசிவம் கடைசியாக என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களே சொன்னார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று என் அத்தை. முருகா என்றாள் என்று அவள் அண்ணன். நான் தலையாட்டினேன்.

பேனாவை எடுத்தேன். இரண்டாம் பத்தியில் 'திருமதி எஸ். நல்லசிவம்' என்று அச்சடித்திருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். மேலே 'சாந்தகுமாரி' என்று எழுதினேன். சர் பெரிக்ரின் மை ஒற்றும் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

மார்ச் பதினாலு, காலை ஆறு மணி. வார்டில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் போய்விட்டுத் திரும்பியபோது ஏழே முக்கால்.

ஐந்தாம் பத்தியில் தமிழில் எழுதினேன்.

"எந்திச்சுப் போங்க, டிப்போவ ஏழு மணிக்கு மூடிருவான். ரெண்டு பாட்டிலையும் வாங்கிருங்க, வேலம்மா வந்து நிப்பா."